பழவேற்காட்டில் ஒரு மஞ்சக்கல்

பொன்னேரியில் பேருந்து மாறி பழவேற்காட்டில் இறங்கியபோது காலை ஏழரை மணி. மீன் மார்க்கெட் சூடுபிடித்திருந்தது. ஏலக் குரல்கள், ஐஸ் உடைக்கும் சத்தம், கூடைக்குள் கால் கட்டிப் போட்ட நண்டுகள். என் தோள்பையில், பழைய வேட்டித் துணியில் சுற்றிய தாத்தாவின் சவரக்கத்தி இருந்தது.

அந்தக் கத்தியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மடக்குக் கத்தி. கறுப்புக் கைப்பிடி. சோலிங்கன் என்ற ஜெர்மன் ஊரின் பெயர் அதன் இரும்பில் பாதி தேய்ந்து நிற்கிறது. தாத்தா போனபின் முப்பது வருடம் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. போன வருடம் அதை எடுத்து, நகரத்தில் சாணை பிடிக்கும் ஒரு கடையில் கொடுத்தேன். மின்சாரச் சக்கரத்தில் வைத்தார்கள். மத்தாப்பு மாதிரிப் பொறி பறந்தது. அரை நிமிடத்தில் பளபளவென்று கைக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை சோப்பு போட்டுக் கன்னத்தில் வைத்தால் கத்தி வழிக்கவில்லை, பிறாண்டியது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கத்தியின் மூக்குப் பக்கம் நகத்தளவுக்கு மயில் கழுத்து நிறத்தில் ஒரு நீலம் படர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு யாரிடமும் அதைக் கொடுக்க மனம் வரவில்லை. காசிமேட்டில் மீன் வெட்டித் தரும் அம்மா ஒருவர்தான் வழி சொன்னார். அவருக்குப் பிறந்த ஊர் பழவேற்காடு. "எங்க ஊர்ல ஒரு பெரியவர் இருக்காரு. கல்லுலயே கத்தி தீட்டுவாரு. சக்கரம்லாம் கிட்ட வராது. பாலத்தைத் தாண்டிப் போய்க் கேளுங்க, கொழந்தகூட சொல்லும்."

பாலத்தின் மேல் நின்றால் இரண்டு பக்கமும் ஏரிதான். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. வடக்கே, கடலுக்கும் ஏரிக்கும் நடுவில், ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா நீண்டு கிடக்கிறது. கண்ணாடியிழைப் படகுகள் வரிசையாகக் கட்டியிருக்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் முகத்தில் உப்புக் காற்று. ஐந்து நிமிடம் நின்றதற்கே மூக்குக் கண்ணாடி பிசுபிசுத்தது.

ஊருக்குள்ளேயே டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வந்த வழியில் அங்கும் ஒரு நடை போயிருந்தேன். 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 17ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி சோழமண்டலக் கரை வியாபாரத்தை டச்சுக் கம்பெனி இந்த ஊரில் இருந்துதான் நடத்தியது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. கல்லறைப் பலகைகளோ அப்படியே கிடக்கின்றன. முந்நூறு வருடத்துக்கு மேல் உப்புக் காற்றில் கிடந்தும் கல்லில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் படிக்கலாம். அதே ஊரில் ஒரு பெட்டிக்கடையின் இரும்புக் கீலைத் தொட்டேன், செதிள் செதிளாக உதிர்ந்தது. இந்த ஊரில் கல் நிற்கும், இரும்பு நிற்காது. இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் அறுபது வருடம் சவரக்கத்தியை எப்படிக் காப்பாற்றி வைத்திருப்பார் என்ற யோசனையோடுதான் பாலத்தைக் கடந்தேன்.

பெரியவருக்கு எண்பதை ஒட்டிய வயது. ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சட்டை இல்லை. மழுமழுவென்று வழித்த முகம். மகன் தெருமுனையில் சலூன் வைத்திருக்கிறார். அங்கே எல்லாம் பாதி பிளேடு செருகும் கத்திதான். ஒரு ஆளுக்கு ஒரு பிளேடு, வேலை முடிந்ததும் குப்பையில்.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்றார். துணியைப் பிரித்துக் கத்தியைக் கையில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெயில் விழும் பக்கம் திரும்பி, கத்தியின் வாயை வானத்தைப் பார்க்கப் பிடித்து மெல்ல அசைத்தார். விளிம்பு முழுக்க வெள்ளி நூல் போல ஒரு கோடு மின்னியது.

"தெரியுதா? வாய் மின்னுச்சுன்னா மொண்ணைன்னு அர்த்தம். தீட்டின கத்தியோட வாய் கண்ணுக்கே தெரியக் கூடாது. வெளிச்சம் நிக்க அங்க எடம் இருக்கக் கூடாது."

பிறகு நீலத்தைக் கட்டை விரலால் தொட்டார். முகம் மாறியது. "இத்த சக்கரத்துல வச்சுட்டாங்க. பதம் போயிடுச்சு தம்பி. இந்த எடத்துல என்ன தீட்டினாலும் நிக்காது."

அவர் ஒரு வார்த்தையில் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் கண்ணாடி போல இறுகும். அப்படியே விட்டால் பொடிந்துவிடும் என்று, மறுபடி மிதமாகச் சூடேற்றி அதற்குப் பதம் வைப்பார்கள். அந்தப் பதத்துக்கு மேல் எப்போது சூடு ஏறினாலும் கடினம் இறங்கிவிடும். எவ்வளவு ஏறியது என்பதை இரும்பின் நிறமே காட்டிக்கொடுக்கும். ஏறத்தாழ 220 டிகிரி செல்சியசில் வைக்கோல் நிறம், 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். வேகமாகச் சுழலும் உலர்ந்த சக்கரத்தில், காகிதம் போல மெலிந்த சவரக்கத்தியின் வாய் கண் சிமிட்டும் நேரத்தில் அந்தச் சூட்டுக்குப் போய்விடும். அரிவாளுக்கும் கோடாரிக்கும் சக்கரம் தாங்கும். சவரக்கத்திக்குத் தாங்காது.

"என்னங்கய்யா செய்யலாம்?"

"நீலத்தைத் தேச்சு எடுத்துடணும். மூக்கு கொஞ்சம் உருண்டையா ஆயிடும். பரவால்லன்னா சொல்லுங்க." பரவாயில்லை என்றேன்.

உள்ளே போய் அடைப்பத்தை எடுத்து வந்தார். அடைப்பம் என்றால் நாவிதரின் கருவிப்பை என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கும். கறுத்துப்போன தோல், ஓரம் முழுக்க மறுதையல். உள்ளே எண்ணெய்த் துணியில் தனித்தனியாகச் சுற்றிய மூன்று கத்திகள். இரண்டு அவருடையவை, ஒன்று அவர் அப்பாவுடையது. மூன்றிலும் ஒரு புள்ளி துரு இல்லை. நான் தேடி வந்த கேள்விக்கு அந்தத் துணியிலேயே பதில் இருந்தது. "தேங்கா எண்ணெ. தெனம் துடைச்சு, காய வச்சு, எண்ணெ தடவித்தான் மூடுவேன். இந்த ஊர்ல இரும்பு ஒரு ராத்திரி தாங்காது. கத்தியோட முதுகுல துரு புடிச்சா தேச்சுக்கலாம். துரு முதல்ல கடிக்கறது வாயைத்தான்."

கற்கள் மூன்று. முதலாவது, எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும் சாம்பல் நிற கார்போரண்டம் கல். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் கொஞ்சம் நயம். இரண்டாவது, சிலேட்டுப் பலகை போன்ற கறுப்புக் கல். மூன்றாவதைத் தனியாக ஒரு பனையோலைப் பெட்டிக்குள் வைத்திருந்தார். வெண்ணெய் நிறத்தில் உள்ளங்கை நீளக் கல், அடியில் ஊதா கலந்த சாம்பல் நிறக் கல் ஒட்டியிருந்தது. "மஞ்சக்கல்லு. எங்கப்பா மெட்ராஸ் மூர் மார்க்கெட்டுல வாங்கினது. நான் பொறக்கறதுக்கு முன்னாடி."

இந்தக் கல்லை நான் படங்களில் பார்த்திருக்கிறேன். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் மெல்லிய அடுக்குகளாகக் கிடைக்கும் கொட்டிக்யூல் என்ற கல்லின் சாயல் அப்படியே இருந்தது. அந்தக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத கார்னெட் மணிகள் கோடிக்கணக்கில் புதைந்திருக்கும். தென்கடற்கரைத் தாது மணல் செய்திகளில் நாம் படித்த அதே கார்னெட்தான். முனை கூராக உடையாமல், ஏறக்குறைய உருண்டையாக இருப்பதால் அவை எஃகை ஆழமாகக் கீறாமல் மெல்லச் சுரண்டும். ஐரோப்பிய நாவிதர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கல்லைக் கொண்டாடியதற்கு அதுதான் காரணம். இது அந்தக் கல்தானா என்று பெரியவர் கேட்கவில்லை. அவருக்கு அது மஞ்சக்கல். அந்தப் பெயரே போதும்.

சாம்பல் கல்லின் கதை இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் என்பவர் மின் உலையில் சிலிக்கன் கார்பைடு என்ற பொருளை உண்டாக்கினார். அதைக் கார்பனும் கொரண்டம் என்ற கனிமமும் சேர்ந்தது என்று தவறாக எண்ணி, கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். கொரண்டம் என்ற சொல் எங்கிருந்து போனது? நம் குருந்தத்தில் இருந்து. சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கம் கிடைக்கும் குருந்தக் கல்லைப் பொடித்து அரக்கோடு பிசைந்து சாணைச் சக்கரம் செய்த நாடு இது. மணிக்கல் பட்டை தீட்டியவர்கள் அதில்தான் தீட்டினார்கள். 1954இல் முருகப்பா குழுமம் வெளிநாட்டுக் கம்பெனிகளோடு சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கி, திருவொற்றியூரில் ஆலை வைத்தது. தமிழ்ச் சொல் கப்பலேறிப் போய், பெயர் மாறி, பழவேற்காட்டுக்குப் போகும் வழியிலேயே வந்து இறங்கியிருக்கிறது.

பெரியவர் வேலையைத் தொடங்கினார். கோணிச் சாக்கை நான்காக மடித்துத் தரையில் போட்டு, அதன் மேல் கல்லை வைத்தார். ஒரு சொம்பில் தண்ணீர். குழாய்த் தண்ணீரும் இல்லை, கிணற்றுத் தண்ணீரும் இல்லை. மழைக்காலத்தில் பானையில் பிடித்து மூடி வைத்த தண்ணீர். ஏரிக்கரைக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கிறது, அந்தத் தண்ணீர் பட்டால் தீட்டும்போதே கத்தி கறுக்கும் என்றார்.

முதலில் சாம்பல் கல்லின் சொரசொரப்புப் பக்கம். மூக்கில் இருந்த நீலத்தை மட்டும் குறிவைத்துத் தேய்த்தார். ஐந்து தேய்ப்புக்கு ஒருமுறை தண்ணீர். தொட்டுப் பார்த்தேன், இரும்பு குளிர்ச்சியாகவே இருந்தது. சக்கரம் அரை நிமிடத்தில் செய்த கெடுதலை எடுக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நீலம் முழுக்கப் போனபின் மூக்கு கொஞ்சம் உருண்டிருந்தது. தாத்தாவின் கத்தி ஒரு மயிரிழை ஒடுங்கியும் இருந்தது.

இடையில் மீன் மார்க்கெட்டில் இருந்து ஒரு அம்மா வந்து, கையில் இருந்த வெட்டுக்கத்தியைத் திண்ணையில் வைத்தார். "அண்ணே, கொடுவா வந்துருக்கு. நாலு இழுப்பு இழுத்துக் குடுங்க. போனவாட்டி மாதிரி ரொம்ப வழவழன்னு பண்ணிடாதீங்க, தோலு வழுக்குது." பெரியவர் சிரித்துக்கொண்டே சாம்பல் கல்லின் சொரசொரப்பில் இரண்டு பக்கமும் நாலைந்து இழுப்பு இழுத்துக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா கட்டை விரலை வாயின் குறுக்கே வைத்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

எனக்கு அது புதிது. தீட்டத் தீட்ட நல்லது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரியவர் சொன்னார்: "மீன் கத்திக்குப் பல்லு வேணும் தம்பி. கண்ணுக்குத் தெரியாத பல்லு. மீன் தோலு வழுக்கும், பல்லு இருந்தாத்தான் புடிச்சு இறங்கும். சவரக்கத்திக்குப் பல்லு இருந்தா மூஞ்சி எரியும். ஒவ்வொரு கத்திக்கும் எந்தக் கல்லோட நிறுத்தணும்னு தெரியணும். அதான் வேலை."

கணக்கில் சொன்னால் இப்படி. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். ஆயிரம் எண் என்று குறிக்கப்படும் தீட்டுக்கல்லின் துகள் 15 மைக்ரானுக்குப் பக்கம். சவரக்கத்தியை முடிக்கும் நயமான கற்களில் துகள் செய்யும் கீறல் ஒரு மைக்ரானை ஒட்டி இருக்கும். நன்றாகத் தீட்டிய கத்தியின் வாய் அரை மைக்ரானுக்கும் மெல்லியது. வெளிச்சம் நிற்க இடம் இருக்கக் கூடாது என்று பெரியவர் சொன்னது அணியாகச் சொன்ன பேச்சு இல்லை, அப்பட்டமான உண்மை.

இப்போது முழு வாயையும் தீட்டத் தொடங்கினார். சவரக்கத்தியில் ஒரு அருமையான ஏற்பாடு இருக்கிறது. முதுகு தடித்தும் நடு குழிந்தும் வாய் மெலிந்தும் இருக்கும். கல்லில் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். சாய்வுக் கோணத்தைக் கை தேட வேண்டியதில்லை. கத்தியை அடித்த கொல்லன் முதுகிலேயே கோணத்தை எழுதி வைத்துவிட்டான். தீட்டுகிறவன் செய்ய வேண்டியது முதுகைக் கல்லில் இருந்து தூக்காமல் இருப்பது ஒன்றுதான். கேட்க எளிது.

வாய் முன்னால் போக, கல்லைச் சீவுவது போல ஒரு தள்ளு. அடியில் தொடங்கி மூக்கில் முடியுமாறு குறுக்காக. கல்லின் கடைசியில் கத்தியை முதுகின் மேல் புரட்டி, மறுபக்கம் வாய் முன்னால் வர ஒரு இழுப்பு. எந்த நேரத்திலும் வாயின் மேல் புரட்டவே இல்லை. அப்படிப் புரட்டினால் ஒரு மணி நேர வேலை ஒரு நொடியில் போகும். சாம்பல் கல்லின் நயப் பக்கம், பிறகு கறுப்புக் கல். அதில் சுண்டு விரலால் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனார். சத்தம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் சரசரவென்று மணலில் நடப்பது போல. கறுப்புக் கல்லில் பட்டுப் புடவை உரசுவது போல. மஞ்சக்கல்லுக்கு வந்தபோது காதைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்டது.

"கண்ணை மூடிக்கிட்டுத் தீட்டலாம். கேட்டுத் தீட்டணும்."

மஞ்சக்கல்லில் நான் பார்த்த ஒரு காட்சியை மறக்க முடியாது. கல்லின் மேல் மெல்லிய ஏடாகத் தண்ணீர் நின்றது. தொடக்கத்தில் கத்தி வரும்போது தண்ணீர் அதற்கு முன்னால் அலை போல ஓடியது. இருபது முப்பது தள்ளுக்குப் பிறகு தண்ணீர் முன்னால் ஓடுவதை நிறுத்திவிட்டு, கத்தியின் வாய் மேல் ஏறி அதன் வயிற்றில் வழிந்தது. பெரியவர் கையை நிறுத்தி அதைக் காட்டினார். "பாத்தீங்களா. இப்ப தண்ணிக்கு அடியில பூந்து போவுது." வாய் அவ்வளவு மெலிந்து, கல்லோடு அவ்வளவு படிந்துவிட்டால்தான் தண்ணீர் ஏட்டை அடியோடு உரித்தெடுக்கும். அளவுக் கருவி எதுவும் இல்லாத ஒரு திண்ணையில் இதைவிடத் துல்லியமான சோதனையை யாரும் சொல்லித் தர முடியாது.

அவர் தன் கத்தி ஒன்றை என்னிடம் கொடுத்து, "நீங்க இழுங்க" என்றார். இழுத்தேன். உடனே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அமுத்தாதீங்க. கத்தியோட கனமே போதும். நீங்க போற வழியை மட்டும் காட்டுங்க." பத்து இழுப்பில் ஒன்றோ இரண்டோதான் சரியாக வந்தது என்றார். அவருக்கு அது காதிலேயே தெரிந்துவிட்டது.

பேச்சு பழைய நாட்களுக்குப் போனது. இந்த ஏரியில் மீனவ கிராமங்களுக்குள் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்த நீரில் யார் வலை போடுவது என்று பங்கிட்டுக்கொள்ளும் பழைய ஏற்பாடு. தன் அப்பாவுக்கும் அதேபோல் முறை இருந்தது என்றார் பெரியவர். வாரத்தில் இன்ன நாள் இன்ன குப்பம். கூலி காசாக வராது, மடவையும் இறாலுமாக வரும். கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குச் சவரம், சாவு வீட்டில் பிள்ளைகளுக்கு மொட்டை, குழந்தைக்கு முதல் முடி. ஊரில் பாதிப் பிரசவம் அவர் அம்மாவின் கையில்தான். மருத்துவச்சி. கட்டி வந்தால் கீறிச் சீழ் எடுத்ததும் இதே குடும்பம், இதே போன்ற கத்தி. தங்களை மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளும் சமூகம் அந்தப் பெயரை வேலை செய்து சம்பாதித்திருக்கிறது. ஆனால் அவர்களுக்கு ஊர் கொடுத்த பெயர் வேறு. "அப்பாவை வாசப்பக்கம் விட மாட்டாங்க. பின்பக்கமாத்தான் போவாரு. கழுத்துல கத்தி வைக்கறதுக்கு மட்டும் நம்பிக்கை இருந்துச்சு." இதைச் சொல்லும்போதும் அவர் கை நிற்கவில்லை.

எனக்கு அந்த இடத்தில் மனம் கனத்துவிட்டது. எஃகைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பை உருக்கி எஃகு செய்த தடயங்களைக் காட்டிப் பேசுகிறோம். தென்னிந்திய எஃகை வெள்ளைக்காரர்கள் வூட்ஸ் என்றார்கள், கன்னடத்து உக்கு, தமிழ் உருக்கு என்ற சொற்களோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். லண்டனில் கத்தி செய்து விற்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இந்த எஃகைத்தான் உசத்தியாகச் சொன்னார். அவரும் மைக்கேல் ஃபாரடேயும் அதை ஆராய்ந்து 1820இல் கட்டுரை வெளியிட்டார்கள். தங்கள் ஆய்வில் உருவான எஃகில் சவரக்கத்திகள் செய்து ஃபாரடே நண்பர்களுக்குக் கொடுத்தார். மின்சாரத்தின் தந்தையே தொட்டுப் பார்த்த பொருள் என்று சொல்ல நமக்கு நாக்கு கூசுவதில்லை. உருக்கு நம்முடையது, குருந்தம் நம்முடையது என்று மார்தட்டுகிறோம். அந்த உருக்கையும் கல்லையும் ஒன்று சேர்த்து அரை மைக்ரான் வாய் எடுக்கத் தெரிந்த கையை மட்டும் கொல்லைப்புறம் நிறுத்தியிருக்கிறோம். கொல்லனும் தச்சனும் சிற்பியும் கைவினைஞர் என்றால் இவரும் கைவினைஞர். இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

இந்த வேலை ஏன் மறைந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தன. அதன்பின் ஒரே கத்தியைப் பல கன்னங்களில் வைப்பது மெல்ல மெல்ல நின்றது. அது நிற்க வேண்டியதுதான். மஞ்சள் காமாலைக் கிருமியும் அந்த வழியாகப் பரவும். பெரியவருக்கு இதில் வருத்தம் இல்லை. "நல்லதுக்குத்தான் மாறிச்சு. என் பையன் பிளேடு மாத்தாம யாரையும் தொட மாட்டான்." இப்போது அவருடைய கத்திகள் அவர் முகத்துக்கு மட்டும்.

மஞ்சக்கல் வேலை முடிந்தது. தோல்வாரைத் திண்ணைத் தூணில் மாட்டி இழுத்துப் பிடித்தார். இங்கே எல்லாம் தலைகீழ். கல்லில் வாய் முன்னால் போகும், தோலில் முதுகு முன்னால் போக வேண்டும். மறந்து வாயை முன்னால் விட்டால் வார் அறுந்துவிடும். கல்லில் நின்ற கண்ணுக்குத் தெரியாத பிசிரைத் தோல் நிமிர்த்திச் சீர் செய்கிறது. ஐம்பது அறுபது வீச்சு. கடைசியில் தன் இடது உள்ளங்கையை விரித்து அதிலேயே பத்து முறை புரட்டிப் புரட்டித் தடவினார். அறுபது வருடப் பழக்கத்தில் அந்த உள்ளங்கை வாரைவிட வழவழப்பாக இருந்தது.

தினமும் வார் பிடிக்க வேண்டுமா என்று கேட்டேன். "ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னாடி. முடி மெதுவானதுதான், ஆனா கத்தியத் தின்னும்." அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னதும் இதுதான். எஃகு முடியைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு கடினம். ஆனாலும் முடி சாய்வாக வளைந்து மோதும்போது, எஃகுக்குள் ஏற்கனவே சீரில்லாத இடத்தில் வாய் பொடிப்பொடியாகத் தெறிக்கிறது.

சோதிக்கத் தன் தலையில் இருந்து ஒரு நரைமுடியைப் பிடுங்கி, நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டுக் கத்தியின் வாயில் மெல்ல இறக்கினார். சத்தமில்லாமல் இரண்டாக விழுந்தது. வெயிலில் கத்தியைத் திருப்பினேன். காலையில் மின்னிய வெள்ளி நூல் இல்லை.

"ஐயா, நீங்களே ஒரு தடவை வழிச்சு விடுங்களேன்" என்றேன். மறுத்துவிட்டார். "கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு தம்பி. கல்லுல நடுங்காது, கல்லு தாங்கிக்கும். அடுத்தவன் கழுத்துல வைக்கக் கூடாது." பதிலாக முற்றத்தில் ஒரு கண்ணாடியை மாட்டி, வெந்நீர் கொடுத்து, என்னையே வழிக்க வைத்தார். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தோலை இழுத்துப் பிடி. கத்தியைக் கன்னத்தோடு படுக்க வை, முதுகை மட்டும் கொஞ்சம் தூக்கு. முடி போற போக்கிலேயே போ. அமுத்தாதே. இதை மட்டும் மூன்று முறை சொன்னார். நான் எதுவும் உணரவில்லை. சோப்பு நுரை மட்டும் நகர்ந்து போவது போல இருந்தது. ஒரு கன்னத்தை முடித்துத் தடவிப் பார்த்தபோது தாத்தாவின் மடியில் உட்கார்ந்து அவர் கன்னத்தைத் தொட்ட நினைவு வந்தது.

எவ்வளவு என்று கேட்டேன். நூறு ரூபாய் என்றார். ஐந்நூறைக் கொடுத்தேன். நானூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "வேலைக்குக் கூலி நூறு. மிச்சத்துக்கு மார்க்கெட்டுல நண்டு வாங்கிக்கிட்டுப் போங்க." தேங்காய் எண்ணெய் தடவிய துணி ஒன்றைக் கிழித்து, கத்தியைச் சுற்றி அவரே பைக்குள் வைத்தார்.

உங்கள் வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில் இப்படி ஒரு கத்தி இருக்கலாம். இருந்தால் எடுத்துத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள். சக்கரத்தில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் ஊர்ச் சலூன்காரரிடம் அவருடைய அப்பாவைப் பற்றி, தாத்தாவைப் பற்றி விசாரியுங்கள். கல் பிடித்த கை ஒன்று இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், சீக்கிரம் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.